ஐசோசிட்ரேட் லையேஸ் இல்லாவிட்டால் உயிர் ஓடாதா?

கேள்வி, பிப்ரவரி 3, இரவு 9:40

"ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதி தொடங்கிவைக்கும் கிளையாக்சிலேட் சுழற்சி இல்லாவிட்டால் எண்ணெய் வித்து முளைக்காது. பாக்டீரியா அசிட்டேட்டில் வளராது. மனித உடலில் இந்தச் சுழற்சியே கிடையாது. இப்படி மூன்று வரி படித்திருக்கிறேன். அப்படியானால் காசநோய்க் கிருமியின் ஐசோசிட்ரேட் லையேஸைத் தடுக்கும் மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை? இன்னொன்று. எல்பி என்ற சத்துக் குழம்பில் வளர்த்த ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து இந்த நொதியை அளந்தேன். சுழியம். மூன்று முறை செய்தும் சுழியம்தான். பாடம் பொய்யா, என் கிருமி பொய்யா?"

பிப்ரவரி 3, இரவு 11:05

கிருமி பொய் சொல்லாது. தேடிய இடம்தான் தப்பு. எல்பியில் ஈ.கோலைக்கு அமினோ அமிலங்களும் சிறு பெப்டைடுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. வயிறு நிறைந்தவன் பழைய பானையைத் துழாவ மாட்டான். ஐசிஎல்ஆர் என்ற அடக்கிப் புரதம் இந்த நொதியின் மரபணுத் தொகுதியின் மேல் உட்கார்ந்திருக்கும். எம்9 உப்புக் கரைசலில் அசிட்டேட்டை மட்டும் கார்பனாகக் கொடுத்து வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி மந்தமாக இருக்கும், பொறுமை வேண்டும். குளுக்கோஸ் ஒரு துளிகூடப் போக வேண்டாம்.

மற்ற மூன்று வரிகளும் முக்கால் உண்மை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, மாலை

முதலில் கணக்கு. கணக்கு புரியாமல் இந்த நொதியைப் பற்றிப் பேசினால் வெறும் பெயர் மனப்பாடம்தான்.

செல் உணவை எரித்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்குள் இரண்டு கார்பன் உள்ள அசிட்டைல் கோ-ஏ ஒன்று நுழைந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு கார்பன்டை ஆக்சைடு வெளியே போய்விடும். வரவு இரண்டு, செலவு இரண்டு. ஆற்றல் கிடைக்கும், உடம்பு கட்ட ஒன்றும் மிஞ்சாது. அசிட்டேட்டை மட்டும் தின்று வாழும் ஒரு பாக்டீரியா தன் சுவரையும் புரதத்தையும் எதை வைத்துக் கட்டும்? 1937-ல் கிரெப்ஸ் தன் சுழற்சியை எழுதிய பிறகும் இருபது ஆண்டு இந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. 1957-ல் ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் கிரெப்ஸும் பதில் எழுதினார்கள்.

பதில் ஒரு குறுக்குவழி, அதுதான் கிளையாக்சிலேட் சுழற்சி. ஆறு கார்பன் ஐசோசிட்ரேட்டை ஐசோசிட்ரேட் லையேஸ் இரண்டாக வெட்டும்: நாலு கார்பன் சக்சினேட், இரண்டு கார்பன் கிளையாக்சிலேட். அந்தக் கிளையாக்சிலேட்டோடு இன்னொரு அசிட்டைல் கோ-ஏயை மேலேட் சிந்தேஸ் ஒட்டிவிடும், மேலேட் வரும். கார்பன்டை ஆக்சைடு பறிபோகும் இரண்டு படிகளையும் தாண்டியாயிற்று. இரண்டு அசிட்டைல் கோ-ஏ போட்டால் ஒரு சக்சினேட் நிகர லாபம்.

அதே 1957-ல் கோர்ன்பெர்க்கும் ஹாரி பீவர்ஸும் முளைக்கும் ஆமணக்கு விதையிலும் இதே வழி ஓடுவதைக் காட்டினார்கள். எண்ணெயாகச் சேர்த்து வைத்த கார்பன் சர்க்கரையாகி வேருக்கும் தண்டுக்கும் போக வேண்டும், அதற்கு இந்த வழி. பதினாறு கார்பன் பால்மிட்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அசிட்டைல் கோ-ஏ, நாலு சக்சினேட். அது ஆக்சலோஅசிட்டேட் ஆகி, பாஸ்போஈனால்பைருவேட் ஆகும்போது ஒவ்வொன்றும் ஒரு கார்பனை விடும். கடைசியில் இரண்டு ஆறு-கார்பன் சர்க்கரை. பதினாறில் பன்னிரண்டு தேறியது. கால் பங்கு போனாலும் முக்கால் பங்கு கையில் நிற்கிறது. இந்த வழி இல்லாமல் ஆமணக்கு முளைவிடவே முடியாது.

பிப்ரவரி 4, இரவு

ஒருவர் தனிச்செய்தியில் கேட்கிறார்: டிஎன்ஏ பாலிமரேஸ் கண்டுபிடித்து 1959-ல் நோபல் வாங்கிய கோர்ன்பெர்க்தானே? இல்லை. அவர் ஆர்தர், இவர் ஹான்ஸ்.

பழைய கட்டுரை தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1950-களில் இதே நொதியை ஐசோசிட்ரேட்டேஸ், ஐசோசிட்ரிட்டேஸ் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். லையேஸ் என்று மட்டும் தேடினால் பாதிக் கதை கண்ணில் படாது.

பிப்ரவரி 6

மேலே எல்பி பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். வேகமாக வளரும் நேரத்தில் நொதி அடங்கிக் கிடக்கும் என்பது சரி. ஆனால் ஈ.கோலை அவசரமாகத் தின்னும்போது தானே அசிட்டேட்டை வெளியே கக்கும். நல்ல தீனி தீர்ந்ததும், கக்கியதையே திரும்ப எடுத்துத் தின்னும். அந்தக் கட்டத்தில் இந்த நொதி எல்பியிலும் தலைகாட்டலாம். எனவே "மூன்று முறையும் சுழியம்" என்றால் எந்த நேரத்தில் அறுவடை செய்தீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பதில் சொன்னது என் தப்பு.

எதில் அளந்தீர்கள் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். எந்தக் க்யூவெட், அதாவது ஒளியளவிக்குள் வைக்கும் சின்னக் குப்பி?

பிப்ரவரி 7, காலை

பிளாஸ்டிக் க்யூவெட் என்று பதில் வந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, பிறகு என் கதை ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

இந்த நொதியை அளக்கும் வழக்கமான முறை இதுதான். கலவையில் ஃபீனைல்ஹைட்ரசீன் போட்டு வைப்போம். வெட்டுப்பட்டு வரும் கிளையாக்சிலேட் அதோடு சேர்ந்து ஃபீனைல்ஹைட்ரசோன் ஆகும். அது 324 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், கோடு ஏறும். சாதாரண பாலிஸ்டைரீன் க்யூவெட்டோ சுமார் 340-க்கு மேல்தான் நம்பகமாக ஒளியை விடும். 324 அதன் வேலி ஓரம். கருவியைச் சுழியமாக்கினால் அது பாட்டுக்குச் சுழியம் காட்டும், கோடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் இந்த நடுங்கும் கோட்டை இரண்டு வாரம் பார்த்தேன். நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிதாகச் சுத்திகரித்து, அதையும் அளந்து, அதுவும் செத்துவிட்டது என்று எழுதிவைத்தேன். மூன்றாவது முறை பக்கத்து மேசைக்காரி குவார்ட்ஸ் க்யூவெட்டை நீட்டி, "இதில் ஊற்றிப் பார்" என்றாள். கோடு ஏணி வைத்த மாதிரி ஏறியது. என் குறிப்பேட்டில் அந்த இரண்டு வாரமும் அப்படியே இருக்கிறது, கிழிக்கவில்லை.

அதோடு தொல்லை தீரவில்லை. செல்லை உடைக்கும் பஃபரில் வழக்கம்போல ஈடிடிஏ போட்டிருந்தேன். லையேஸுக்கு மெக்னீசியம் வேண்டும், ஈடிடிஏ மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அடிமூலப்பொருள். புட்டியில் "டிஎல்-ஐசோசிட்ரேட்" என்று இருந்தால் அதில் பாதிதான் நொதிக்கு ஆகும். மற்ற பாதி கண்ணாடிப் பிம்பம், சும்மா நிற்கும். செறிவைப் பாதியாகக் கணக்கிடாமல் ஒரு முழு வரைபடம் போட்டு, "எங்கள் நொதியின் பிடிப்பு இரண்டு மடங்கு மோசம்" என்று கூட்டத்தில் நின்று விளக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 7, மதியம்

டிடிடி பற்றி ஒரு எச்சரிக்கை, மேலேட் சிந்தேஸையும் அளக்கப் போகிறவர்களுக்கு. லையேஸின் செயல்மையத்தில் சிஸ்டீன் இருக்கிறது, அது ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்க பஃபரில் டிடிடி போடுவோம். அதே சாற்றைக் கொண்டுபோய் மேலேட் சிந்தேஸுக்கு டிடிஎன்பி முறையில் அளந்தால், நொதி வேலை தொடங்கும் முன்பே க்யூவெட் மஞ்சளாகிவிடும். வெளிவரும் கோ-ஏயின் தயோலை, அதாவது கந்தகக் குழுவை, பிடிக்கத்தான் டிடிஎன்பி. டிடிடியும் தயோல்தானே, அதையும் பிடித்துக்கொள்ளும். 412-ல் கோடு நேராகக் கூரைக்குப் போய் நிற்கும். 232-ல் அசிட்டைல் கோ-ஏ குறைவதை நேரடியாகப் பாருங்கள், அல்லது டிடிடியை வடிகட்டிவிட்டு வாருங்கள். 232-க்குக் குவார்ட்ஸ் இல்லாமல் பேச்சே இல்லை.

பிப்ரவரி 7, மதியம், பத்து நிமிடம் கழித்து

"கொசு மருந்தை ஏன் நொதியில் போடுகிறீர்கள்" என்று கேட்டவருக்கு: இது டைதயோதிரிடால். தமிழில் எழுதினால் அந்தப் பூச்சிக்கொல்லியும் இந்த மருந்தும் ஒரே மூன்றெழுத்து ஆகிவிடுகின்றன. ஆங்கிலத்திலாவது எழுத்து இடம் மாறும். இனிமேல் முழுப்பெயரையே எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

4-ஆம் தேதி கடைசியில் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். "முளைவிடவே முடியாது" என்று ஆமணக்கின் தலையில் அடித்துச் சொன்னதற்கு என்னிடம் மரபணுச் சான்று ஒன்றும் இல்லை. ஆமணக்கில் நொதி எக்கச்சக்கமாக இருக்கிறது, எண்ணெய் குறையும் நாட்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. இருப்பது வேறு, இல்லாமல் முடியாது என்பது வேறு.

உண்மையான சோதனை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறுசெடியில் நடந்தது. 2000-ல் ஐசோசிட்ரேட் லையேஸ் அறவே இல்லாத செடிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவை முளைத்தன. கொழுப்பும் உடைந்தது. கொழுப்பிலிருந்து சர்க்கரைக்குப் போகும் பாதைதான் அடைபட்டிருந்தது, அந்தக் கார்பன் சுவாசத்தில் எரிந்தது. நல்ல வெளிச்சம் இருந்தால் இளஞ்செடி சமாளித்துக்கொண்டது, ஏனென்றால் விதையிலை பச்சையாகி ஒளிச்சேர்க்கை தொடங்கிவிடும். இருட்டிலும் மங்கிய வெளிச்சத்திலும்தான் திணறியது. வெளியிலிருந்து சர்க்கரை கொடுத்தால் அந்தத் திணறலும் குறைந்தது.

எனக்கு இதில் ருசியான இடம் அடுத்தது. கொழுப்பமிலத்தை உடைக்கும் பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் கை வைத்தாலோ, கொழுப்பு உடையும் சிறு பையான பெராக்சிசோமிலுள்ள சிட்ரேட் சிந்தேஸ் இரண்டையும் நீக்கினாலோ, செடி சர்க்கரை இல்லாமல் எழுந்திருக்காது. சுழற்சியின் பெயரைச் சுமக்கும் லையேஸ் போனால் பிழைக்கிறது, அதற்கு முந்தைய படியிலுள்ள சிட்ரேட் சிந்தேஸ் போனால் வீழ்கிறது. காரணம், கொழுப்பின் கார்பன் சிட்ரேட்டாகத்தான் பெராக்சிசோமை விட்டு வெளியே வருகிறது. வெளியே வந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கவாவது செய்யலாம். வரவே வழியில்லை என்றால் எரிக்கவும் முடியாது.

ஆனால் அராபிடாப்சிஸ் விதை தூசி மாதிரி. எண்ணெய் விதையிலையிலேயே இருக்கிறது, அதுவே பச்சையாகிச் சம்பாதிக்கும். ஆமணக்கில் எண்ணெய் முளைசூழ்தசையில், அது பச்சையாகாமல் கரைந்துபோகும் திசு. அங்கே லையேஸ் போனால் என்ன ஆகும் என்பதை இந்தச் சிறுசெடியை வைத்து அளக்க முடியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பந்தயம் கட்டச் சொன்னால் ஆமணக்கு படுத்துவிடும் பக்கம் கட்டுவேன்.

பிப்ரவரி 11

ஆமணக்கை அரைக்கப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கையுறை போடுங்கள். எண்ணெய் இருக்கும் அதே திசுவில்தான் ரிசின் என்ற நஞ்சும் இருக்கிறது. நான் முதல்முறை வெறுங்கையால் தோலுரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது.

இருட்டில் நான்கைந்து நாள் முளைத்தது நல்லது. சுக்ரோஸ் அடர்த்திப் படுகையில் ஓட்டினால் மைட்டோகாண்ட்ரியா 1.19 அருகிலும், லையேஸ் உள்ள பட்டை 1.25 அருகிலும் தனித்தனியாக நிற்கும். 1967-ல் பிரைடன்பாக்கும் பீவர்ஸும் இந்தப் பட்டைக்குத்தான் கிளையாக்சிசோம் என்று பெயர் வைத்தார்கள்.

பிப்ரவரி 13, நள்ளிரவு

பெயர் என்றதும் ஒன்று. ஒரு மாணவர் விடைத்தாளில் "கிளை ஆக்சிலேட் சுழற்சி" என்று பிரித்து எழுதி, "கிரெப்ஸ் சுழற்சியிலிருந்து கிளையாகப் பிரிவதால் இப்பெயர்" என்று காரணமும் கொடுத்திருந்தார். இந்தக் 'கிளை' கிரேக்கத்தில் இனிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, மரக்கிளையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சுழற்சி கிளையாகப் பிரிகிறது என்பது நூற்றுக்கு நூறு சரி. சிவப்பு மை பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். மதிப்பெண் போட்டேன்.

கிளையாக்சிசோம் என்ற பெயரையே எடுத்துவிடலாம், எல்லாவற்றையும் பெராக்சிசோம் என்றே சொல்லலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. வெள்ளரி விதையிலையில் வெளிச்சம் பட்டதும் லையேஸ் மறைந்து ஒளிச்சுவாச நொதிகள் அதே உறுப்புக்குள் வருகின்றன. பழைய பை, புதுச் சரக்கு. இலை முதிர்ந்து உதிரப்போகும் காலத்தில் லையேஸும் மேலேட் சிந்தேஸும் மறுபடி தலைகாட்டும். நானும் பெயரை எடுத்துவிடலாம் என்ற பக்கம்தான், ஆனால் வாய் பழகிவிட்டது.

பிப்ரவரி 15

கேள்வியின் இரண்டாவது வரிக்கு வருகிறேன். "அசிட்டேட்டில் வளர லையேஸ் வேண்டும்." ஈ.கோலைக்கு வேண்டும். ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸுக்கு அந்த நொதியே இல்லை, ஆனாலும் அசிட்டேட்டில் வளர்கிறது. எப்படி என்பது வெகுகாலப் புதிராக இருந்தது. 2007-ல் விடை வந்தது: எத்தில்மலோனைல் கோ-ஏ வழி. இரண்டு அசிட்டைல் கோ-ஏயை நாலு கார்பன் குரோட்டோனைல் கோ-ஏ ஆக்கி, அதன்மேல் ஒரு கார்பன்டை ஆக்சைடை ஏற்றி, சுற்றிவளைத்துக் கடைசியில் அதே கிளையாக்சிலேட்டுக்கு வருகிறது. கார்பனை விடாமல் காப்பது ஒரு வழி என்றால், வெளியிலிருந்து கார்பனைப் பிடித்துப் போட்டுக்கொள்வது இன்னொரு வழி.

ஆகவே மரபணுத் தொகுப்பில் லையேஸ் இல்லை என்றதும் "இது அசிட்டேட்டில் வளராது" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிப்ரவரி 16

ஈ.கோலை கிரெப்ஸ் சுழற்சி, கிளையாக்சிலேட் குறுக்குவழி என்ற இரண்டு பாதைகளில் எதில் போவது என்று எப்படி முடிவெடுக்கிறது? ஒரே வாய்க்காலில் இரண்டு மதகு. கிரெப்ஸ் பாதையில் தள்ளும் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸின் பிடிப்பு மிக இறுக்கம், கேஎம் (பாதி வேகத்துக்கு வேண்டிய செறிவு) சுமார் 8 மைக்ரோமோலார். லையேஸுக்குச் சுமார் 600. அதாவது முதல் மதகு ஆழத்தில், இரண்டாவது மேட்டில். நீர்மட்டம் உயராமல் மேட்டு மதகுக்குத் தண்ணீர் ஏறாது. எனவே செல் ஆழத்து மதகைப் பாதி அடைக்கிறது: டிஹைட்ரஜனேஸின் 113-ஆவது செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. ஐசோசிட்ரேட் தேங்குகிறது, லையேஸுக்கு ஏறுகிறது. ஒட்டுவதும் பிய்ப்பதும் ஒரே புரதம், ஏஸ்-கே. அதன் மரபணு லையேஸ், மேலேட் சிந்தேஸ் மரபணுக்களோடு ஒரே ஓப்பரானில், அதாவது ஒன்றாக இயங்கும் தொகுதியில்.

பாக்டீரியாப் புரதத்திலும் பாஸ்பேட் ஒட்டி ஒழுங்குபடுத்துவது உண்டு என்பதற்கு முதன்முதலில் கிடைத்த தெளிவான எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது, 1979-ல்.

பிப்ரவரி 19

இப்போது மாத்திரை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இதில் நான் ஒரு காலத்தில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்திருந்தேன்.

காசநோய்க் கிருமி பெருவிழுங்கி செல்லுக்குள் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்று வாழ்கிறது. 2000-ல் மெக்கின்னி குழு, லையேஸ் மரபணுவில் ஒன்றை நீக்கிய கிருமி எலியின் நுரையீரலில் நீடித்துத் தங்க முடியாமல் குறைவதைக் காட்டியது. அதே ஆண்டில் நொதியின் படிக வடிவமும் தடுப்பான்களோடு வந்தது. 2005-ல் முன்யோஸ் எலியாஸும் மெக்கின்னியும் ஐசிஎல்-1, ஐசிஎல்-2 என்ற லையேஸ் மரபணுக்கள் இரண்டையும் நீக்கினார்கள். கிருமி எலி நுரையீரலிலிருந்து விரைவாகத் துடைத்தெறியப்பட்டது. படித்தபோது "ஐந்து ஆண்டில் மருந்து" என்று பக்க ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்த நகல் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

எது தடுத்தது? முதலில், இரண்டு நொதியையும் ஒரே மூலக்கூறு அடைக்க வேண்டும். அடுத்தது, செயல்மையம் சின்னது, மின்னூட்டம் நிறைந்தது, அடிமூலப்பொருள் நுழைந்ததும் வாய் மூடிக்கொள்வது. பெரிய, எண்ணெய்ப்பசையான மருந்து மூலக்கூறுக்கு அங்கே இடமில்லை. அங்கே பொருந்துகிற சிறியவை எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். 3-நைட்ரோபுரோப்பியோனேட் நம் மைட்டோகாண்ட்ரியாவின் சக்சினேட் டிஹைட்ரஜனேஸையும் அடைத்துவிடும், 3-புரோமோபைருவேட் கண்ட தயோலையெல்லாம் கடிக்கும். இட்டாக்கோனேட்டை நம் பெருவிழுங்கிகளே தயாரிக்கின்றன, அதுவும் லையேஸைத் தடுப்பதுதான். இத்தனை காலம் அதை எதிர்கொண்டு பழகிய கிருமி அது.

இன்னொரு முடிச்சு. இந்தக் கிருமியின் லையேஸ் ஐசோசிட்ரேட்டை மட்டும் வெட்டுவதில்லை. கொலஸ்ட்ராலிலிருந்தும் ஒற்றைப்படைக் கார்பன் கொழுப்பமிலங்களிலிருந்தும் வரும் புரோப்பியோனைல் கோ-ஏ நஞ்சாகத் தேங்காமல் இருக்க மெத்தில்சிட்ரேட் சுழற்சி வேண்டும். அதன் கடைசி வெட்டும் இதே நொதியின் வேலை. எலியில் கிருமி செத்தது சர்க்கரை கட்ட முடியாமலா, புரோப்பியோனேட் நஞ்சாலா? "கிளையாக்சிலேட் சுழற்சி இல்லாததால் செத்தது" என்று ஒரே வரியில் நான் இனி எழுத மாட்டேன்.

ஆய்வகத்தில் எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமி வகையை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்த வகையில் ஐசிஎல்-2 மரபணு இரண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. எர்ட்மன் வகையில் முழுதாக இருக்கிறது. ஒன்றில் கிடைத்த முடிவை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டாதீர்கள்.

பிப்ரவரி 19, சற்றுப் பிறகு

பூஞ்சையிலும் இதே ஏற்ற இறக்கம்தான். கேண்டிடா அல்பிகன்ஸில் லையேஸ் இல்லாவிட்டால் நோயுண்டாக்கும் திறன் குறைகிறது, 2001-ல் வந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸில் அதே நொதியை நீக்கினார்கள், எலிச் சோதனையில் அது பாட்டுக்கு நோயை உண்டாக்கியது. முன்னதை மட்டும் படித்தவர்கள் கூட்டங்களில் அதிகம் பேசுவார்கள்.

பிப்ரவரி 22

"மனித உடலில் இல்லை" என்ற மூன்றாவது வரி. லையேஸ் இல்லை, சரி. மேலேட் சிந்தேஸும் இல்லை என்று நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2014-ல் சிஎல்ஒய்பிஎல் என்ற நம் மைட்டோகாண்ட்ரியப் புரதம் அந்த வினையைச் செய்கிறது என்று காட்டினார்கள், மெல்லமாகத்தான். 2017-ல் அதன் முதன்மை வேலை வேறு என்று தெரிந்தது: இட்டாக்கோனேட்டிலிருந்து வரும் சிட்ராமலைல் கோ-ஏயை உடைப்பது. அது இல்லாதவர்களுக்கு பி12 அளவு குறைவாக இருக்கும். மேலே சொன்ன அதே இட்டாக்கோனேட். சுற்றிச் சுற்றி இதே ஆட்கள்தான் வருகிறார்கள்.

விலங்குகளுக்கே இல்லை என்றும் சொல்லாதீர்கள். சி.எலிகன்ஸ் புழுவில் லையேஸும் மேலேட் சிந்தேஸும் ஒரே புரதமாக ஒட்டியே இருக்கின்றன.

பிப்ரவரி 27

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். எம்9 அசிட்டேட், குவார்ட்ஸ், ஈடிடிஏ இல்லாத பஃபர். 324-ல் கோடு ஏறுகிறதாம். வாழ்த்துகள்.

ஐசோசிட்ரேட் போடாத வெற்றுக் கலவையிலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறுகிறதாம்.

வாழ்த்தைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் சாற்றிலுள்ள பைருவேட்டும் மற்ற கீட்டோ அமிலங்களும் ஃபீனைல்ஹைட்ரசீனோடு சேர்ந்து அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். சாற்றைச் சின்ன உப்புநீக்கக் குழாயில் ஒருமுறை ஓட்டுங்கள். சிறு மூலக்கூறுகள் பின்தங்கிவிடும், டிஹைட்ரஜனேஸுக்கு வேண்டிய, கூடவே வரும் என்ஏடிபியும் போய்விடும். இல்லாவிட்டால் டிஹைட்ரஜனேஸ் உங்கள் ஐசோசிட்ரேட்டைத் தின்று ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் செய்து இன்னொரு பொய்க் கோடு போடும். ஃபீனைல்ஹைட்ரசீன் புட்டி பழுப்பாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு வெற்றுக் கலவையை முதலில் ஓட்டி, படுத்தே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.